மறுகால் பாயாத குளம்

எய்யா,

புது நட்சத்திரம் பிறப்பது நின்றுபோனால் விண்மீன் மண்டலம் கிழடாகிவிடும் என்று போனில் சொன்னாயே, ஏன் நிற்கிறது என்று கேட்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டது. சரி என்று நானே தேடிப் படித்தேன். தப்பிருந்தால் திருத்து.

நம்ம குளத்தையே எடுத்துக்கொள். மேலே பிளாட் போட்டவன் வரத்துக்காலில் மண்ணைத் தள்ளிவிட்டான், மூன்று வருஷமாக மறுகால் பாயவில்லை. ஆனால் கால் அடைபட்ட அன்றைக்கேவா குளம் வற்றியது? அந்த வருஷப் பிசானம் விளைந்தது, அடுத்த கார்தான் கருகியது. பால்வீதியும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்கு நட்சத்திரம் செய்கிறது, அதைச் செய்யக் கையில் இருக்கும் வாயு சில நூறு கோடி வருஷத்துக்குத்தான் காணும், 1000 கோடி வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது என்றால் வெளியிலிருந்து வரத்து இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

எனக்குப் புதுசாக இருந்தது எம்87 என்கிற மண்டலத்தின் கதை. அதைச் சுற்றி வாயு ஏராளம், ஆனால் கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கிறது, ஆறினால்தானே சுருங்கி நட்சத்திரமாகும். ஆற விடாமல் அடுப்பெரிப்பது நடுவில் இருக்கும் கருந்துளை, 650 கோடி சூரியன் எடை. 2019-இல் பேப்பரில் ஆரஞ்சு வளையமாக வந்ததே, உன் அம்மாகூட உளுந்தவடை என்றாளே, அதேதான். ஆவியை வைத்துக்கொண்டு நாற்று நட முடியுமா?

பல மண்டலங்கள் சேர்ந்த கூட்டத்துக்குள் பாய்கிற மண்டலங்களுக்கு வேறு கஷ்டம், அங்கே நிறைந்திருக்கும் சூடான வாயு எதிர்க்காற்றாக அடிக்கும். பொலி தூற்றும்போது நெல் விழும், பதர் பறக்கும் இல்லையா, அதுபோல நட்சத்திரம் நிற்கும், மண்டலத்தின் வாயு மட்டும் போய்விடும்.

அப்புறம் நிறம். கனத்த நீல நட்சத்திரங்கள் சில கோடி வருஷத்தில் தீர்ந்துவிடும், புதுசு பிறக்கவில்லை என்றால் சிவப்புதான் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மண்டலங்களைப் ‘பச்சைப் பள்ளத்தாக்கு’ என்கிறார்கள், பச்சையாக அங்கே ஒன்றுமில்லை, வரைபடத்தில் நீலக் கூட்டத்துக்கும் சிவப்புக் கூட்டத்துக்கும் நடுவே கிடப்பதால் வைத்த பேர்.

பொங்கலுக்கு வா. நிலா இல்லாத ராத்திரி மச்சியில் படுத்தால் பக்கத்து மண்டலம் ஆந்திரோமீடா வெறுங்கண்ணுக்கே புகையாகத் தெரியும், 25 லட்சம் ஒளியாண்டு. நம்மதைவிடப் பெரியது, இப்போது நம்மதைவிடக் குறைவாகத்தான் நட்சத்திரம் செய்கிறதாம். உன் பைனாகுலரை எடுத்து வா, இங்கே இருப்பதில் ஒரு கண்ணில் பூஞ்சை பிடித்துவிட்டது. வரத்துக்காலைத் தூர்வாரச் சொல்லி மறுபடி ஒரு மனு எழுத வேண்டும், கம்ப்யூட்டரில் அடிக்க நீதான் வேண்டும்.

அப்பா