மருந்தடிப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

காய்கறியில் பூச்சிமருந்து தங்கியிருக்குமோ என்ற பயம் நகரத்தில் நிறைய இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால் அதைவிடப் பல மடங்கு மருந்தை உடம்பில் வாங்குகிறவர் ஒருவர் இருக்கிறார். முதுகில் சுமக்கும் மருந்து டேங்க்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஊரெல்லாம் மருந்தடிக்கப் போகிறவர். நிலத்துக்காரர் தன் வயலுக்குப் பருவத்தில் சில நாள் அடிப்பார். இவருக்கு இன்று கத்தரி, நாளை பருத்தி, மறுநாள் நெல். டேங்க் மூடி சரியாக இறுகாவிட்டால் முதுகெல்லாம் நனையும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வார். ஆனால் வயலில் மருந்து பெரும்பாலும் உடம்புக்குள் போவது தோல் வழியாகத்தான். அந்தச் சட்டையை வெறுங்கையால் துவைக்கிற மனைவியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் லிண்டேன் என்ற பூச்சிமருந்து புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகவே சொல்லிவிட்டது. மாலத்தியான், டயசினான் என்ற பூச்சிமருந்துகள், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஆகிய மூன்றும் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று வகைப்படுத்தியது. கிளைபோசேட் விஷயத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை ஏற்கவில்லை. அந்தச் சர்ச்சைக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 1993இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மருந்தடிப்பவர்கள், அவர்களுடைய வாழ்க்கைத்துணைகள் என்று 89,000 பேருக்குமேல் சேர்த்தார்கள். யார் எந்த மருந்தை எத்தனை வருஷம் அடித்தார் என்று எழுதி வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில மருந்துகளை அதிகம் கையாண்டவர்களிடம் சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாக இருந்தன. கிளைபோசேட்டுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. இரண்டையும் அவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தக் குறிப்புதான். புற்றுநோய் வெளிப்பட இருபது, முப்பது வருஷம்கூட ஆகலாம். அன்றைக்குப் போய் எந்தப் பாட்டில், எந்தக் கடை என்று கேட்டால் யாருக்கு நினைவிருக்கும்?

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. ஆனால் டேங்க் கூலிக்குப் போகிறவருக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. அவரைப் பரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது? அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அருமையான திட்டம். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறீர்களா, எத்தனை வருஷமாக, என்னென்ன மருந்து? ஆம் என்பவரை ஆண்டுக்கொரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவழையுங்கள். புற்றுநோயோடு வருகிறவரிடம் புகையிலை, குடி பற்றி விசாரிக்கும்போது இதையும் கேட்டு எழுதுங்கள்.

வேளாண்மைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். தலை முதல் கால் வரை மூடும் உடையை நம் வெயிலில் யாரும் போட மாட்டார்கள். ரசாயனம் ஊடுருவாத கையுறையும், முதுகு நனையாமல் காக்கும் மேலுறையும் விரிவாக்க மையங்களில் இலவசமாகக் கொடுங்கள். ஒழுகும் டேங்க்கைச் சரிசெய்ய வாஷரும் அங்கேயே கிடைக்கட்டும்.

பருத்தியும் மக்காச்சோளமும் அதிகம் விளையும் பெரம்பலூரில் அடுத்த பருவத்திலேயே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயக் குடும்பத்தவன்