சுரண்டி விழும் வெள்ளி எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கப்பல் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) ஒட்டாமல் தடுக்கும் வெள்ளி நானோ துகள் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துகள்) பூச்சுகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். விசைப்படகுத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அடியில் கொட்டலசு ஏறிவிட்டால் படகின் ஓட்டம் குறைகிறது, டீசல் கூடுதலாகக் குடிக்கிறது. நல்ல பூச்சு வந்தால் முதலில் வாங்குவது நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் பூச்சு கடலில் எப்படி வேலை செய்யும் என்று விரிவாகச் சொன்ன கட்டுரை, அது கரையில் என்ன ஆகும் என்பதைத் தொடவே இல்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி அடியைச் சுத்தம் செய்து பெயிண்ட் அடிப்பது பெரும்பாலும் அப்போதுதான். இரும்புச் சுரண்டியை வைத்துக் கொட்டலசைப் பெயர்க்கும்போது பழைய பெயிண்டும் செதில் செதிலாகச் சேர்ந்து விழும். தாமிரம் கலந்த அந்தச் சிவப்புத் தூள் படகைச் சுற்றி மண்ணில் அப்படியே கிடக்கும். சுரண்டுகிறவர் மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தால் அதுவே அதிகம். ஒரு மழை பெய்தால் போதும், எல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். நாளை வெள்ளிப் பூச்சு வந்தாலும் அதே சுரண்டி, அதே மண்தானே?

வெள்ளி நுண்ணுயிரைக் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனிதான் (மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு) அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் கடல்நீரின் உப்பில் இருக்கும் குளோரைடு அந்த அயனியைப் பிடித்துக்கொள்ளும், அதன் வீரியம் குறையும். துகள்களும் உப்பு நீரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா, பாலிமர் போன்றவற்றில் வெள்ளியைப் பதித்து மெதுவாகக் கசிய விடப் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நல்ல முயற்சிதான். அப்புறம், மெதுவாகக் கசிந்தாலும் கசிந்தது கடலில்தானே சேரும்?

வெள்ளி கடல் உயிர்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியில், பாலோ ஆல்டோ சேற்றுப் பரப்பில், கழிவுநீரோடு வந்த வெள்ளி மட்டிகளின் உடலில் சேர்ந்தது. பிலிம் கழுவும் தொழிலிலிருந்து வந்த வெள்ளிக்கு அதில் பெரும்பங்கு. மட்டிகளின் இனப்பெருக்கம் படுத்துவிட்டது. 1980களில் கழிவில் வெள்ளியைக் குறைத்த பிறகுதான் அது மீண்டது.

பூச்சு விஷயத்திலேயே உலகம் ஒரு முறை சுட்டுக்கொண்டிருக்கிறது. டிரைபியூட்டைல்டின் என்ற தகரச் சேர்மம் கலந்த பெயிண்டை ஒரு காலத்தில் எல்லோரும் கொண்டாடினார்கள். பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு அதனால் நொடித்துப் போனது. ஓடுகள் தடித்து உருக்குலைந்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு பிரான்ஸ் அதைத் தடை செய்தது. உலக அளவிலான தடை உடன்படிக்கை ஏற்கப்பட்டது 2001இல், நடைமுறைக்கு வந்தது 2008இல். இடைப்பட்ட காலமெல்லாம் பெரிய கப்பல்களில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்ததும் இதே சேர்மம்தான். மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சங்கும் நத்தை இனம்தான் என்பதால் எனக்கு இது வெறும் வெளிநாட்டுக் கதையாகப் படவில்லை.

வெள்ளிப் பூச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்பனைக்கு வரும் டப்பாவில், ஒரு சதுர மீட்டரிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு வெள்ளி கசியும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சோதனையை ஆய்வகத் தட்டோடு நிறுத்தாமல் நம் வெதுவெதுப்பான கடலில் ஒரு முழு ஆண்டாவது நடத்த வேண்டும். சங்குக் குஞ்சும் முத்துச்சிப்பிக் குஞ்சும் அந்த நீரில் பிழைக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், புதுப் பெயிண்டுக்குக் காத்திருக்காமல், இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படகு சுரண்டும் இடத்தில் சிமெண்ட் தரை போட்டு, விழும் தூளைக் கூட்டி அள்ளி மூடிய டிரம்மில் போட ஏற்பாடு செய்ய வேண்டும். அது வரும்வரை படகுக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரிக்கலாம். அதைப் படகு உரிமையாளர்கள் நாங்களே செய்யலாம். அள்ளிய தூளை எங்கே கொடுப்பது என்பதை மட்டும் மீன்வளத் துறை அடுத்த தடைக்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
விசைப்படகு உரிமையாளர் ஒருவர்,
தூத்துக்குடி