பாட்டு வாத்தியார் பெயரையும் போடுங்கள்

பழைய தமிழ் இசைத்தட்டுப் பாடல்களை இணையத்தில் விற்கும் இசை நிறுவனங்களுக்கும், பாட்டுச் செயலிகளை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

எங்கள் தாத்தா திருமங்கலம் பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, முளைப்பாரி என்று எது நடந்தாலும் வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, தட்டைச் சுழலவிட்டு ஊரை எழுப்பி உட்கார வைப்பது அவர் வேலை. அவர் போன பிறகு பரணில் இரண்டு தகரப் பெட்டி நிறைய அரக்குத் தட்டுகள் மிச்சம். பாதி கீறல் விழுந்தவை, சிலது விளிம்பு உடைந்தவை. அதில் ஒன்றைத் துடைத்து, கணினியில் ஏற்றி, இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து இணையத்தில் போட்டேன். கே.பி. சுந்தராம்பாள் பாடிய ‘காந்தியோ பரம ஏழை சந்நியாசி’.

நான்கு நிமிடம் ஆகியிருக்காது. இந்தப் பதிவு எங்களுடையது என்று ஒரு நிறுவனம் உரிமை கோரிய அறிவிப்பு வந்து நின்றது. மனுஷன் யாரும் கேட்டுப் பார்த்து அனுப்பியதில்லை, மென்பொருள் செய்த வேலை என்று தெரியும். ஆனாலும் தாத்தாவின் தட்டுக்கு யாரோ பட்டா வாங்கி வைத்திருக்கிறார்களே என்று சுருக்கென்றது. அறிவிப்பைத் திறந்து பார்த்தேன். உரிமையாளர்: நிறுவனத்தின் பெயர். பாடியவர்: சுந்தராம்பாள். பாடலாசிரியர்: ‘டிரெடிஷனல்’.

உரிமைச் சண்டையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மறுத்து எழுதினேன், சில வாரம் கழித்து விலக்கிக்கொண்டார்கள். 1930களின் ஒலிப்பதிவுக்கு, நம் சட்டப்படி வெளியான வருடத்தோடு அறுபதைக் கூட்டினாலும் போன நூற்றாண்டோடு கணக்குத் தீர்ந்துவிடும். நான் எழுதுவது அந்த மூன்றாவது வரியைப் பற்றி.

‘டிரெடிஷனல்’ என்றால் என்ன? வழிவழியாக வந்தது, ஆக்கியவர் யாரென்று தெரியாதது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் அப்படி வந்தவை. காந்தியைப் பற்றிய பாட்டு எப்படி ஐயா வழிவழியாக வரும்? அவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பியதே 1915இல். அதற்குப் பிறகு, பேர் சொல்லக்கூடிய ஒரு மனிதர், மையைத் தொட்டு எழுதிய பாட்டு அது. அவர் பெயர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

1892இல் பிறந்தவர், 1952இல் மறைந்தவர். இயற்பெயர் வெள்ளைச்சாமி. வெள்ளைக்காரனை வறுத்தெடுத்த மனிதருக்கு வீட்டில் வைத்த பெயர் அப்படி! மதுரையிலும் விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரத்திலும் வாழ்ந்தவர். எழுத்தாளர்கள் ச. தமிழ்ச்செல்வன், கோணங்கி, நாடகக்காரர் ச. முருகபூபதி எல்லோரும் அவருடைய பேரன்கள். அவர் எழுதி வைத்த நாட்குறிப்புகளை முருகபூபதி தொகுத்துப் புத்தகமாகவே வந்திருக்கிறது. தேடினால் கிடைக்காத ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் அலுவலகத்தில் இந்த விவரங்களை நிரப்பும் தம்பி தங்கைகளுக்கு அந்தக் காலத்துப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

மதுரையில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. கம்பெனி நாடகம் போல ஒரே குழு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து மேடை ஏறுவதில்லை. திருவிழாக் கமிட்டி பணம் கட்டும், காண்ட்ராக்டர் ஆள் பிடிப்பார். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ வந்து இறங்குவார்கள். அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பதாகக்கூட இருக்கும். கதை எல்லோருக்கும் பாடம், வள்ளி திருமணமோ கோவலனோ. யாரிடம் புதுப் பாட்டு இருக்கிறது என்பதில்தான் போட்டி. அந்தப் புதுப் பாட்டுக்காக அவர்கள் தேடிப் போன இடம் பாட்டு வாத்தியார் வீடு. வாத்தியார் எழுதுவார், மெட்டில் உட்கார வைப்பார், பாடிக் காட்டுவார், நடிகரின் தொண்டைக்கு எட்டாத இடத்தை மாற்றிக் கொடுப்பார். இன்றைக்கு நீங்கள் பாடலாசிரியர், இசையமைப்பாளர், ‘மியூசிக் புரொட்யூசர்’ என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்கிறீர்களே, அந்த மூன்று கட்டத்து வேலையையும் அன்று பெரும்பாலும் ஒரே ஆள் திண்ணையில் உட்கார்ந்தபடி பார்த்தார்.

அந்தப் பாட்டு மேடையிலிருந்து இரண்டு வழியில் ஊருக்குள் இறங்கும். ஒன்று, காலணா அரையணாவுக்குச் சந்தையில் விற்ற பாட்டுப் புத்தகம். இன்னொன்று தட்டு. பத்து அங்குலத் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். மேடையில் அரை மணி நேரம் இழுத்துப் பாடும் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும். எதை வெட்டுவார்கள்? பல்லவியை வெட்ட முடியாது, அதுதான் விற்கும் சரக்கு. வெட்டு விழுவது கடைசிச் சரணத்தில். நம் மரபில் பாட்டு எழுதியவர் தன் பெயரை வைப்பதும் அங்கேதான். கோபாலகிருஷ்ண பாரதி தன் பெயரையே கடைசியில் பொதிந்து வைத்தார். பாபநாசம் சிவன் ‘ராமதாசன்’ என்று வைத்தார். முத்திரை என்று அதற்குப் பெயர். பத்திரம், பதிவு அலுவலகம் எதுவும் இல்லாத காலத்தில் பாட்டுக்காரன் தன் நிலத்துக்கு நட்ட எல்லைக்கல் அது. தட்டு வந்ததும் கல் பிடுங்கப்பட்டது என்பது என் கணக்கு.

பாடியவர்களுக்கு அந்த ஆபத்து இல்லை. 1902இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிய தட்டுகளைக் கேட்டால், கடைசியில் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று கணீரென்று அவரே சொல்வார். தட்டு அச்சடித்தது ஜெர்மனியில், ஹனோவரில். அங்கே இருந்தவர்கள் பெயரை மாற்றி ஒட்டிவிடக்கூடாதே என்ற ஏற்பாடு. வாத்தியாருக்கு மட்டும் அப்படி ஓர் ஏற்பாடு யாரும் செய்து வைக்கவில்லை. என் கையில் இருக்கும் தட்டின் நடுவட்டக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுந்தராம்பாள் அம்மாளின் பெயர் இருக்கிறது, மொழி இருக்கிறது, ராகம் இருக்கிறது, எண் இருக்கிறது. தாத்தா பென்சிலால் எழுதிய ‘உடைக்காதே’கூட இருக்கிறது. பாஸ்கரதாஸ் பெயர் இல்லை.

ஆகவே தவறு உங்களிடம் தொடங்கியது என்று சொல்ல மாட்டேன். காகிதத்தில் இல்லாததை நீங்களும் விட்டுவிட்டீர்கள். ஆனால் காகிதம் காலியாகத்தான் விட்டது. ‘டிரெடிஷனல்’ என்று எழுதி அந்தக் காலி இடத்தை அடைத்தது நீங்கள்.

பாடியவர்கள் பெயர் நிற்பதில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் திருமங்கலத்தில் நாடக நடிகர் தியாகி விஸ்வநாததாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அந்த மனிதர் வள்ளி திருமணத்தில் ‘கொக்குப் பறக்குதடி பாப்பா’ என்று எடுத்தால் கொட்டகைக்குத் தெரியும் கொக்கு எது என்று. தினைப்புனத்தில் வந்து மேயும் வெள்ளைக் கொக்கு, கப்பலேறி வந்த கொக்கு. நாடகங்களை அடக்க 1876இலேயே சட்டம் போட்டு வைத்திருந்த அரசாங்கத்துக்கும் அது தெரியும். மேடைக்குக் கீழே போலீஸ் காத்திருக்கும். வேஷத்தோடு பிடித்துக்கொண்டு போவார்கள், திரும்பி வந்து அதே பாட்டைப் பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். பாட்டுக்காக உடம்பைக் கொடுத்தவரின் பெயர் முன்னால் நிற்பது நியாயம். ஆனால் நாடக வரலாற்றில் பாஸ்கரதாஸ் பெயரோடு சொல்லப்படும் அந்தக் கொக்குப் பாட்டை ஒரு செயலியில் விஸ்வநாததாஸ் எழுதியதாகவும், இன்னொன்றில் நாட்டுப்புறப் பாடலாகவும் பார்த்தேன். மூன்றாவது ஒன்றில் குழந்தைப் பாடல் வரிசையில் கிடந்தது, ‘பாப்பா’ என்று வருவதால்போல! சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

சினிமாவுக்கு வருவோம், அங்கேதான் உங்கள் வியாபாரம் பெரிது. முதல் தமிழ்ப் பேசும் படம் என்று நாம் கொண்டாடும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்தது, எச்.எம். ரெட்டி இயக்கியது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். பேச்சு எப்படியோ, ஜனம் போனது பாட்டுக்காக. அந்தப் பாட்டுகளை எழுதியவர் பாஸ்கரதாஸ். கதை நடப்பது காளிதாசன் காலத்தில், ராஜலட்சுமி பாடுவதோ ‘ராட்டினமாம் காந்தி கை பாணமாம்’! கதைக்கும் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. படம் வெளியான அன்று காந்தி வட்டமேசை மாநாட்டுக்காக இங்கிலாந்தில் இருந்தார். மேடையில் பாடினால் போலீஸ் வரும் பாட்டை, தணிக்கை இருந்த காலத்திலேயே திரைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தப் படத்தின் பிரதி இன்று ஒன்றுகூட இல்லை. தமிழ்த் திரைப்பாடல் வரலாறு என்று நீங்கள் போடும் பட்டியல்கள் பெரும்பாலும் பாகவதரிலும் பாபநாசம் சிவனிலும் தொடங்குகின்றன. ஒலி இல்லாததால் அதற்கு முந்தைய ஆள் இல்லாமல் போய்விட்டார். செயலிக்கு ஒலி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தமிழ் சினிமாவின் முதல் பாடலாசிரியர்’ என்று வேறு யாரையாவது போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

நான் கேட்பது காசு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் மறைந்தது 1952. எழுதியவர் மறைந்த பின் அறுபது ஆண்டு என்ற கணக்கில் அவருடைய பாட்டுகளின் உரிமைக்காலம் 2012 முடிவோடு முடிந்தது. யாருக்கும் நீங்கள் ராயல்டி தர வேண்டியதில்லை. பெயரைப் போட்டால் யாராவது பங்கு கேட்டு வருவார்களோ என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாக்கி இருப்பது பெயர் மட்டும்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தனியாக வைத்திருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு அதை வாரிசுகளும் கேட்கலாம். இன்னொரு பக்கம் 52ஏ பிரிவைப் பாருங்கள். ஒலிப்பதிவின் உறையில் பதிவு செய்தவர் பெயர், உரிமையாளர் பெயர், வருடம் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. எழுதியவர் பெயரை அது கேட்கவில்லை. நடுவட்டக் காகிதத்தில் விட்டுப்போனது சட்டத்திலும் விட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் இது வக்கீல் நோட்டீஸாக இல்லாமல் மடலாக வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. உங்கள் பட்டியலில் 1950க்கு முந்தைய தமிழ்த் தட்டுகளை மட்டும் தனியே எடுங்கள். ‘டிரெடிஷனல்’ என்று இருக்கும் இடங்களில், பாட்டில் காந்தியோ கதரோ ராட்டினமோ ரயிலோ வந்தால் அந்தச் சொல்லை முதலில் அழித்துவிடுங்கள். மதுரைப் பக்கம் பழைய பாட்டுப் புத்தகம் சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அரை நாள் உட்கார்ந்தால் பாதிக்கு விடை சொல்லிவிடுவார்கள். மீதிக்குத் ‘தெரியவில்லை’ என்று போடுங்கள். கேள்விப்பட்டதை வைத்து எல்லாக் காந்திப் பாட்டையும் பாஸ்கரதாஸ் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். அந்தக் காலத்தில் தேசபக்திப் பாட்டு எழுதிய வாத்தியார்கள் பலர். ஒருவருக்குப் பெயர் கொடுக்கிறேன் என்று இன்னொருவர் பெயரை அழித்தால் பழைய கதைதான்.

தட்டை மறுபடியும் ஏற்றியிருக்கிறேன். குறிப்பில் முதல் வரி: பாட்டு, மதுரகவி பாஸ்கரதாஸ். இரண்டாவது வரி: பாடியவர், கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். மூன்றாவது வரியில் தாத்தாவின் ரேடியோ செட் பெயரையும் போட்டுவிட்டேன், அது என் ஆசைக்கு. உங்கள் மென்பொருள் எப்படியும் நான்கு நிமிடத்தில் வந்து நிற்கும். வரும்போது அந்த முதல் வரியையும் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ செட்காரர் பேரன்,
திருமங்கலம்.