கிங்ஸ்பரி ரன் குடிசைகள்

அன்புள்ள முருகேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள். வெயிலில் அலையாதே, சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

கிளீவ்லாந்தில் தியாகராஜர் ஆராதனை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று மகள் என்னை லேக் வியூ கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே குளத்தருகே எலியட் நெஸ் பெயர் பொறித்த ஒரு கல். பார்த்ததிலிருந்து உன் நினைவுதான்.

சிகாகோவின் கள்ளச்சாராய தாதா அல் கபோனை எதிர்த்து நின்றவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். 1935 டிசம்பரில், 32 வயதில், இந்த நகரத்தின் பொதுப் பாதுகாப்பு இயக்குநராகிவிட்டார். போலீஸ், தீயணைப்பு இரண்டுமே அவருக்குக் கீழே. மாமூல் வாங்கிய போலீஸ் அதிகாரிகளைத் தாமே அலைந்து சாட்சி திரட்டி கோர்ட்டில் ஏற்றினார். சாலைச் சாவுகளுக்குப் பேர்போன இந்த ஊர், அவர் காலத்தில் சாலைப் பாதுகாப்புக்கு தேசிய விருது வாங்கியது. எத்தனை உயிர் மிச்சமாகியிருக்கும்! இதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. கிங்ஸ்பரி ரன் என்பது ரயில் பாதை ஓடும் ஒரு பள்ளம். பொருளாதார மந்தத்தில் வேலை போனவர்கள் தகரத்தையும் பலகையையும் வைத்து அந்தப் பக்கமெல்லாம் குடிசை போட்டிருந்தார்கள். தலையில்லாத பிணங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன, மொத்தம் 12க்குக் குறையாது. கொலைகாரன் அகப்படவில்லை. 1938 ஆகஸ்டில் ஒருநாள் நள்ளிரவு, நெஸ் போலீஸோடு இறங்கி அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக் கைரேகை எடுத்தார். நாளைக்கு அவர்களில் ஒருவன் பிணமாகக் கிடந்தால் அடையாளம் தெரிய வேண்டுமாம். அப்புறம் குடிசைகளைக் கொளுத்தச் சொல்லிவிட்டார்.

நீ தீயணைப்பு ஸ்டேஷன் ஆபீசராக இருந்தபோது ஒரு குடிசைத் தீக்கு என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பாட்டி உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரேஷன் கார்டு, ரேஷன் கார்டு என்று கதறினாள். ஓரம் கருகிய அட்டையைச் சாம்பலைக் கிளறி நீதான் எடுத்துக் கொடுத்தாய். கிங்ஸ்பரி ரன்னில் எரிந்ததும் அப்படிப்பட்டவர்களின் பெட்டியும் போர்வையும்தானே.

1942 மார்ச்சில், நெஸ் விருந்தில் குடித்துவிட்டுக் காரோட்டி வந்து, பனி உறைந்த சாலையில் இன்னொரு காரில் மோதினார். ஈ.என்-1 என்ற நம்பர் பிளேட் ஆளைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த மாதமே ராஜினாமா. 1947இல் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். 1957இல் கடனோடு இறந்தார். 40 வருடம் கழித்துத்தான் அவர் சாம்பலை இந்தக் குளத்தில் கரைத்திருக்கிறார்கள்.

அவர் மேல் மரியாதை போகவில்லை முருகேசா, வருத்தம்தான். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கொளுத்து என்று அப்படி ஓர் உத்தரவு உனக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? கண் தேறியதும் நீயே கைப்பட எழுது.

அன்புடன்,
ராமநாதன்