இரவு 1.40-க்கு வந்த லோடு

காவேரிப்பட்டணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ சொன்னது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. "ஜாவா ப்ரோகிராமை டேட்டாபேஸோட இணைக்கிற மென்பொருள் இருக்குல்ல, அந்தப் பழைய டிரைவரை எடுத்துட்டுப் புதுசு போடணும்மா. 5.1-ல இருந்து 9-க்குப் போறோம். பில்டு ஃபைல்ல ஒரு வரி மாத்துற வேலைதான், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனை வாங்கி, குளிர் எப்படி இருக்கிறது, ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா என்று ஆரம்பித்துவிட்டார். சொல்ல வந்தது அப்படியே நின்றுவிட்டது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

2019 மாங்காய் சீசனில் நான் செய்த தவறு உனக்கு முழுதாகத் தெரியாது. நீ அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்தாய். பரீட்சை நேரம் என்று நாங்களும் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்த மாங்கூழ் பேக்டரியில் எடை மேடைக்கு ஜாவாவில் ஒரு ப்ரோகிராம் எழுதி வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? லோடு வண்டி மேடையில் ஏறினால் எடையும் நேரமும் பதிவாகும், சீட்டு அச்சாகும். காயை இறக்கிவிட்டுக் காலி வண்டி திரும்பும்போது இன்னொரு எடை. எட்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. 2019 ஏப்ரலில் பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தது. சீசன் நடுவில் நின்றால் என்ன செய்வது என்று முதலாளி புது மெஷின் வாங்கிக் கொடுத்தார். அதில் மைஎஸ்க்யூஎல் 8.0 டேட்டாபேஸ் போட்டேன். அந்த 8.0-ல் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையே மாறியிருந்தது. எங்களிடம் இருந்த 5.1 டிரைவருக்கு அந்த முறை தெரியவில்லை, இணைப்பே கிடைக்கவில்லை. சரி, டிரைவரையும் 8.0-க்கு மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் நாள் முழுக்க முரண்டு பிடித்தது. டிரைவர் கிளாஸின் பெயரில் நடுவே 'சிஜே' என்று இரண்டு எழுத்து சேர்ந்திருந்தது. பழைய பெயரை வைத்தால் ஓடும், ஆனால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரும். காலி எடை இன்னும் போடாத வண்டிகளுக்கு நேரம் முழுக்கப் பூஜ்யமாக இருக்கும், அதை வெற்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் செட்டிங்கை, ப்ரோகிராம் டேட்டாபேஸோடு சேரும் இணைப்பு வரியில் வைத்திருந்தேன். முன்பு சின்ன எழுத்தில் எழுதிய அதே சொல்லைப் பெரிய எழுத்தில், நடுவில் அடிக்கோடு போட்டு எழுதினால்தான் புது டிரைவர் ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் நல்ல சிக்கல்கள், கண்ணு. முகத்துக்கு நேரே நின்று 'இது செல்லாது' என்று சொல்லிவிடும், நாமும் திருத்திவிடுவோம்.

கடைசியாக ஒரு எர்ரர் வந்தது. சர்வர் தன் டைம்ஜோன் 'ஐஎஸ்டி' என்கிறது, அது ஒன்றுக்கு மேற்பட்ட டைம்ஜோனைக் குறிக்கலாம், எது என்று நீயே சொல் என்றது. நம் இந்திய நேரத்துக்கு ஐஎஸ்டி என்று பெயர். இஸ்ரேல் நேரத்துக்கும் அதே மூன்றெழுத்து. நீ இருக்கும் அயர்லாந்தின் கோடைகால நேரத்துக்கும் அதேதான். கோடையில் உன் கடிகாரமும் ஐஎஸ்டி, என் கடிகாரமும் ஐஎஸ்டி, ஆனால் நடுவில் நாலரை மணி நேரம். டிரைவர் தயங்கியது எவ்வளவு நியாயம், பார். எனக்கு அப்போது அது புரியவில்லை. மே மாதம் நெருங்குகிறது, வண்டிகள் வரப்போகின்றன என்ற அவசரம். தேடிய இடத்தில், இணைப்பு வரியின் கடைசியில் செர்வர்டைம்ஜோன் என்பதற்கு யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம், என்று கொடுத்தால் போதும் என்று இருந்தது. கொடுத்தேன். எர்ரர் போய்விட்டது. ஒரு லோடு போட்டுப் பார்த்தேன், சீட்டில் நேரம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே என்ன நடந்தது தெரியுமா? மாலை 4 மணிக்கு ஒரு வண்டி ஏறினால், சர்வர் யூடிசியில் இருப்பதாக நம்பி, டிரைவர் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து காலை 10.30 என்று எழுதியது. அதே டிரைவர் திரும்பப் படிக்கும்போது ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 4 மணி என்று காட்டியது. அதனால்தான் திரையும் சீட்டும் சரியாக இருந்தன. ஆனால் விவசாயிகளுக்குப் பணம் கணக்கிடும் ரிப்போர்ட் ஜாவாவிடம் நேரம் கேட்காது. டேட்டாபேஸுக்குள்ளேயே தேதியைப் பிரித்து அன்றைய ரேட்டோடு பெருக்கும். பகலில் வந்த லோடுக்கு நேரம் தப்பாக இருந்தாலும் தேதி மாறவில்லை, பணமும் மாறவில்லை. இரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை ஏறிய வண்டிகளுக்கு மட்டும் தேதி ஒரு நாள் பின்னால் போய்விட்டது.

சீசனில் இங்கே வண்டிகள் எப்போது வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் பறித்து, சாயங்காலம் ஏற்றி, ராத்திரி முழுக்க கேட்டுக்கு வெளியே வரிசை நிற்கும்.

ஜூன் மாதத்தில் சந்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் சீட்டு. "ஏம்மா, நான் பன்னண்டாந் தேதி லோடு போட்டேன், பதினொண்ணுக்கான ரேட்டுல காசு வந்திருக்குது" என்றார். சீட்டைப் பார்த்தேன்: ஜூன் 12, இரவு 1.40. ரிப்போர்ட்டைப் பார்த்தேன்: ஜூன் 11. பெங்களூரா ரக மாங்காயின் ரேட் அன்று கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறியிருந்தது. அவருடைய லோடு 3,840 கிலோ. 3,840 ரூபாய் குறைந்திருக்கிறது. வரிசையில் இரண்டு ராத்திரி தூங்காமல் நின்ற மனிதர். அவர் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால், கம்ப்யூட்டர் சொல்கிறது என்று நானே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அதற்கு முன்பே எனக்கு ஒரு அடையாளம் கிடைத்தது, நான் கவனிக்கவில்லை. 2018-ல் மாலை 7 மணிக்கு ஏறிய ஒரு லோடைத் திரையில் எடுத்தபோது இரவு 12.30 என்று காட்டியது. பழைய டிரைவர் நம் நேரத்திலேயே எழுதியதைப் புது டிரைவர் யூடிசி என்று நினைத்து ஐந்தரை மணி நேரம் கூட்டியிருக்கிறது. பழைய மெஷினின் கடிகாரம் தப்பாக இருந்திருக்கும் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

திருத்துவதற்கு இரண்டு ராத்திரி ஆனது. செட்டிங்கை 'ஆசியா, கொல்கத்தா' என்று முழுப் பெயரில் மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஏற்கெனவே எழுதப்பட்டதைச் சரிசெய்வதுதான் பாடு. எந்தச் சீட்டு எண்ணிலிருந்து எந்தச் சீட்டு எண் வரை புது டிரைவர் தப்பாக எழுதியது என்று கண்டுபிடித்து, அவற்றுக்கு மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். அதிலும் முதல் எடை நேரத்துக்கு மட்டும். காலி எடை நேரத்தை டேட்டாபேஸின் சொந்தக் கடிகாரத்திலிருந்தே எடுக்கும்படி எழுதியிருந்தேன், அது சரியாகத்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டியிருந்தால் இன்னொரு தவறு சேர்ந்திருக்கும். முதலில் பேக்கப் எடுத்து, அதன் நகலில் ஓட்டி, சீட்டுக் கட்டை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் அசலில் கை வைத்தேன். தேதி மாறிய லோடுகள் 143. ரேட் ஏறிய நாட்களுக்கு முதலாளி பாக்கியைக் கொடுத்துவிட்டார். ரேட் இறங்கிய நாட்களில் கூடுதலாகப் போன பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

இப்போது உன் விஷயம். நீ போகும் வெர்சனில் என்னைத் தடுத்த அந்த எர்ரர் வராது. 2021 ஜனவரியில் வந்த 8.0.23-லிருந்து, நீ எதுவும் சொல்லாவிட்டால் சர்வரும் உன் ஜாவாவும் ஒரே டைம்ஜோனில் இருப்பதாக டிரைவர் எடுத்துக்கொள்ளும். செட்டிங்கின் பெயர் இப்போது கனெக்‌ஷன்டைம்ஜோன், பழைய பெயரும் செல்லும். டேட்டாபேஸில் தேதியும் நேரமும் வைக்கும் இரண்டு வகையான டேட்டைம் ஃபீல்டையும் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டையும் அது நடத்தும் விதமும் அந்த வெர்சனில்தான் மாறியது. எனக்காவது எர்ரர் வந்து கேள்வி கேட்டது, உனக்குக் கேட்காமலே போய்விடும். அதுதான் என் கவலை.

உங்கள் ப்ரோகிராம், தனக்கென்று தனிச் செட்டிங்குகள் உள்ள பெட்டி மாதிரியான கன்டெய்னரில் ஓடுகிறது என்று சொன்னாய். கன்டெய்னருக்குள் ஜாவா பெரும்பாலும் யூடிசியில் இருக்கும். டேட்டாபேஸ் மெஷின் டப்ளின் நேரத்தில் இருந்தால்? இது ஜனவரி. குளிர்காலத்தில் டப்ளின் நேரமும் யூடிசியும் ஒன்றுதான். இந்த வாரம் நீ எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே வரும். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அன்றைக்குத்தான் கோளாறு வெளியே வரும், அதற்குள் உன் டீமில் யாருக்கும் இந்த டிரைவர் ஞாபகமே இருக்காது. அக்டோபர் கடைசி ஞாயிறு இன்னும் குழப்பம், இரவு 1 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் உள்ள ஒரு மணி நேரம் இரண்டு தடவை வரும்.

அதனால் எனக்காக ஒன்று செய். டெஸ்ட் மெஷினில் ஜூலை மாதத் தேதி ஒன்றை, நள்ளிரவு தாண்டி அரைமணி நேரத்தில், புது டிரைவர் வழியாக எழுது. அதை உன் ப்ரோகிராமில் படித்துப் பார்த்து நிறுத்தாதே, எழுதியவனே படித்தால் தன் தவறைத் தானே மறைத்துக்கொள்வான். கட்டளை தட்டும் மைஎஸ்க்யூஎல்லின் கறுப்புத் திரையில் நேராகப் போய்ப் பார். பிறகு பழைய டிரைவர் எழுதிய ஒரு பதிவைப் புது டிரைவரில் படித்துப் பார். டேட்டைம், டைம்ஸ்டாம்ப் இரண்டு ஃபீல்டிலும் செய். சர்வர் எந்த டைம்ஜோனில் இருக்கிறது, இணைப்பு எந்த டைம்ஜோனில் இருக்கிறது என்று அதனிடமே கேட்டு எழுதி வை. டைம்ஜோனை எங்கே கொடுத்தாலும் மூன்றெழுத்தில் கொடுக்காதே, ஊர் பெயரோடு கொடு.

வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று உன் மேனேஜரிடம் சொல்லத் தயங்காதே. காரணம் கேட்டால் இந்த 1.40 லோடைச் சொல்.

நம் தோட்டத்தில் மாமரமெல்லாம் பூ எடுத்திருக்கிறது, ஆயா தினமும் ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பொங்கலுக்கு நீ இல்லாதது அவருக்குத்தான் பெரிய குறை. புதன்கிழமை ராத்திரி போன் செய். போனில் வரும்போது அந்த இரண்டு டிரைவரும் காட்டிய நேரங்களை எழுதி வைத்துக்கொண்டு வா, சேர்ந்தே பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா