எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. திட்டாதே. வார்டில் ஒரு பையன் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

வயது இருபத்தெட்டு. எச்.ஐ.வி. என்று தெரிந்தும் இரண்டு வருஷம் மாத்திரைப் பக்கமே போகாதவன். சிடி4, அதாவது ரத்தத்தில் நோயை எதிர்க்கிற செல்களின் எண்ணிக்கை, 22. நல்ல உடம்பில் 500க்குக் குறையாது. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி போர்வை நனையும் வியர்வை, ரத்தசோகை, கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. காசநோயாகத்தான் இருக்கும் என்று பார்த்தால் எக்ஸ்ரே சுத்தம், சளியிலும் கிருமி இல்லை. "அப்போ டிபி இல்லை சார்" என்றார் பயிற்சி டாக்டர். எனக்கு அங்கேதான் கவலை பிடித்தது. எக்ஸ்ரேயில் தெரிகிற குழியும் கறையும் பெரும்பாலும் கிருமியோடு மல்லுக்கட்டுகிற உடம்பின் வேலை. சண்டை போட ஆளே இல்லாத இடத்தில் கறை எங்கிருந்து வரும்?

கட்டியில் ஊசி போட்டு எடுத்ததை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீல நிறப் பின்னணியில், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிவப்புக் குச்சிகள், தீப்பெட்டியில் அடைத்த மாதிரி. டிபி கிருமியும் இப்படியேதான் தெரியும் என்பதால் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கு அனுப்பினோம். டிபி இல்லை என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் பெயர் தெரிந்தது: மேக், அதாவது மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகையறா. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிற கிருமி. நீயும் நானும் தினமும் விழுங்குகிறோம், ஒன்றும் ஆவதில்லை. சிடி4 50க்குக் கீழே போனால்தான் அது உடம்பு முழுக்கப் பரவத் துணிகிறது. ஆளுக்கு ஆள் தொற்றாது என்று சொன்ன பிறகுதான் அவன் அம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

கிளாரித்ரோமைசினும் எத்தாம்புட்டாலும் ஆரம்பித்தோம், குறைந்தது 12 மாதம். எத்தாம்புட்டால் கண் நரம்பைத் தொடும் என்பதால் ஒவ்வொரு முறையும் சிவப்பு, பச்சை சரியாகத் தெரிகிறதா என்று கேட்கிறேன். எச்.ஐ.வி. மருந்தும் கூடவே. அப்புறம்தான் கூத்து. மூன்றாவது வாரம் கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கி, காய்ச்சல் திரும்பிவிட்டது. "மருந்து என்னைக் கொல்லுது, நிறுத்துங்க" என்று அழுதான். உண்மையில் கிருமி ஜெயிக்கவில்லை. எச்.ஐ.வி. மருந்தால் எதிர்ப்புச் சக்தி திரும்புகிறது; தூங்கிக்கிடந்த காவல்காரன் விழித்துக்கொண்டு, திருடனை அடிக்கிற சாக்கில் வீட்டுப் பாத்திரத்தையும் உடைக்கிறான். அந்த வீக்கத்தை அடக்க சில நாள் ஸ்டீராய்டு கொடுத்தோம். மருந்து எதையும் நிறுத்தவில்லை. அவனைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு முழு சாயங்காலம் ஆனது.

முன்பெல்லாம் சிடி4 50க்குக் கீழே போனால் மேக் வராமல் இருக்க வாரம் ஒருமுறை அசித்ரோமைசின் தடுப்பாகக் கொடுப்போம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்கிவிட்டால் அது தேவையில்லை என்கிறார்கள். 1996க்கு முன்னால், எச்.ஐ.வி.க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிற கூட்டு மருந்து வருவதற்கு முந்தைய நம் வார்டை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

நேற்று அவன் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. நம்பாமல் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தான்.

சரி, உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என்னை மாதிரி தாமதிக்காமல் எழுது.

உன் பழைய அறைத்தோழன்