ஆக்சிஜனைப் பார்த்துத் திற

கோத்தகிரி

அன்புள்ள மல்லிகா,

எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டும் திட்டை வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். ஹாஸ்டல் வார்டனம்மாவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம். இனி எட்டு மணிக்கு யாரைப் பூட்டுவார்களோ!

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு மாற்றலாகி, ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் நீ தனியாக நிற்பதாக விமலா சொன்னாள். அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

மதுரைக் கணக்கு அங்கே செல்லாது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, நல்ல ஆளுக்கே சாச்சுரேஷன், அதாவது விரலில் மாட்டும் கருவி சொல்லும் ரத்த ஆக்சிஜன் சதவீதம், 93, 94 காட்டலாம். விரல் குளிரில் விறைத்திருந்தால் அந்த எண்ணையும் நம்பாதே. கையைச் சூடாக்கிவிட்டு மறுபடி பார்.

என் கவலையெல்லாம் விறகுப் புகையிலும் பீடியிலும் நுரையீரல் கெட்டுப்போன வயசாளிகள்தான். பனிக்காலத்தில் சளி கட்டி, சாச்சுரேஷன் 80-ல் வந்து சேர்வார்கள். பதற்றத்தில் நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஆக்சிஜன் திறந்துவிட்டால் எண் 99-க்கு ஏறும், வீட்டார் கையெடுத்துக் கும்பிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தாத்தா அசந்துவிடுவார். அது தூக்கமில்லை மல்லிகா, கரியமில வாயு ஏறிய மயக்கம். காற்றுப் போகாத பகுதிக்கு ரத்தத்தைக் குறைத்துத்தான் நுரையீரல் அதுவரை சமாளித்தது. ஆக்சிஜன் மிகுந்ததும் அந்தக் கட்டு தளர்ந்து, ரத்தம் அங்கே வீணாகப் பாய்கிறது. ஹீமோகுளோபினும் தான் சுமந்த கரியமில வாயுவைக் கீழே விடுகிறது. மூச்சின் உந்துதலும் சற்றுக் குறைகிறது. விரலில் மாட்டும் கருவி இதில் ஒன்றையும் காட்டாது.

இவர்களுக்குச் சாச்சுரேஷன் 88-லிருந்து 92 போதும். ஆக்சிஜனை அளந்து கலந்து தரும் வென்ச்சுரி மாஸ்க்கில் 24 அல்லது 28 சதவீதம், அது இல்லையென்றால் மூக்குக் குழாயில் 1, 2 லிட்டர். மருந்தைப் புகைபோல் மூச்சில் செலுத்தும் நெபுலைசரைக் காற்றில் ஓட்டு. ஆக்சிஜனில்தான் ஓட்டியாக வேண்டுமென்றால் ஆறு நிமிஷத்தோடு நிறுத்து. இதைப் படித்துவிட்டு ஆக்சிஜனே கொடுக்காமல் இருந்துவிடாதே, குறைந்தால் உயிர் இன்னும் சீக்கிரம் போகும். அதிகமாகிவிட்டது என்று தெரிந்தாலும் ஒரேயடியாக மூடாதே. சாச்சுரேஷன் முன்னிருந்ததற்கும் கீழே விழுந்துவிடும், படிப்படியாக இறக்கு.

கரியமில வாயு ஏறுகிறதா என்று அறிய, காலைத் தலைவலி, சூடான உள்ளங்கை, துள்ளும் நாடி இருக்கிறதா என்று பார். கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல், அடிக்கடி தொய்ந்து விழுந்தால் சந்தேகப்படு. மூச்சை முழு ஒரு நிமிஷம் எண்ணு. 34-ஆக இருந்தது 12-ஆக இறங்கினால் சந்தோஷப்படுமுன் கூப்பிட்டுப் பேசு. பதில் வந்தால் தேறுகிறார், குழறினால் களைத்துப்போய்விட்டார். தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் ஏபிஜி பரிசோதனையில், ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சொல்லும் பிஹெச் 7.35-க்குக் கீழும் கரியமில வாயு 45-க்கு மேலும் இருந்தால், மருந்தோடு, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபாப் மிஷின் பற்றி டாக்டரிடம் உடனே கேள், விடியட்டும் என்று விடாதே.

அங்கே ஏபிஜி மிஷின் இருக்கிறதா, இல்லை நோயாளியை வத்தலக்குண்டுக்குக் கீழே இறக்கத்தான் வேண்டுமா? உடனே எழுது.

உன்
கலா